காய்ந்த பசையும் ஒரே ஒரு பிட்டும்

ஸ்டெல்லாவின் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது ரூட்டர் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. மரத்தைச் சீவும்போது அந்த மிஷினுக்கென்று ஒரு சீரான ரீங்காரம் உண்டு. இது அது இல்லை. மருந்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட குழந்தையின் மூக்கைப் பிடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்த ரகம். கூடவே ஒரு வாடை. பாதி கருகிய தேக்கு, பாதி உருகிய பிளாஸ்டிக்.

அவள் சுவிட்சை அணைத்தாள். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"சார், இங்கிட்டு வாங்க. மூணாவது பிட்டும் போச்சு."

மேசைமேல் ஆளுயர மர வளைவு ஒன்று படுத்திருந்தது. அதன் ஓரத்தில், மிஷின் கடந்துவந்த வழியெல்லாம், துணியில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல் கறுப்புத் தடம்.

இந்தத் தொடரில் இதுவரை மனிதர்களைப் பற்றியே எழுதிவந்தேன். அவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டாகிவிட்டது. எனவே இந்த வாரம் பசையைப் பற்றி எழுதுகிறேன். அது படிக்காது.

ஒட்டு மரத்தின் மேல் ஒரு புனிதர்

எங்கள் ஊர் கீரனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு ஆள் தோளில் தூக்கும் சப்பரம் ஒன்று உண்டு. புனிதரின் சிலைக்கு, அதாவது சுரூபத்துக்கு, முன்னும் பின்னுமாக இரண்டு மர வளைவுகள் அதில் நிற்கும். பழைய வளைவுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டு முழுவதும் அமைதியாகத் தின்றுவிட்டு, கமிட்டி கூடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தன்னைக் காட்டிக்கொண்டது.

விழாக் கமிட்டித் தலைவர் சவரிமுத்து, என் பள்ளித் தோழன். திருச்சியில் இரும்புக்குழாய்ச் சப்பரம் வாடகைக்குக் கிடைக்கிறது, விளக்கெல்லாம் அதிலேயே எரியும் என்றான். நான் செயலாளர். என்னைச் செயலாளராக்கியதற்குக் காரணம் பக்தி அல்ல. திருச்சித் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலைக்கும் முதலில் என்ன, பிறகு என்ன என்று வரிசை சொல்லத் தெரியும். ஊரில் என் பெயர் 'குவாலிட்டி'. அதைச் சொல்லும் தொனியில் மரியாதை குறைவு.

ஸ்டெல்லாவிடம் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். கணவன் சிங்கப்பூரில். இரண்டு வருடம் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, "ஒரே பாடத்தையே சொல்லிக்கிட்டிருந்தா எனக்கே மறந்துபோகுது சார்" என்று விலகி, மரப் பட்டறை போட்டவள். அதுவரை ஊரில் அவளுக்குக் கிடைத்த வேலை எல்லாம் அலமாரிக் கதவும் சாமிப்படச் சட்டமும்தான். இந்த வளைவுகள் சரியாக அமைந்தால் சுற்றுப்பட்டுக் கோயில்கள் அவளைத் தேடி வரும். அமையாவிட்டால் ஊரே பார்க்கத் தோற்றவள் ஆவாள். அதற்குப் பிறகு அலமாரிக் கதவுகூட வராது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சவரிமுத்துவுக்கு நன்றாகவே தெரியும்.

வளைவை ஒரே மரத்தில் செதுக்க அவ்வளவு பெரிய மரம் கிடையாது. மெல்லிய தேக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, அரைவட்ட அச்சில் வளைத்துக் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட வேண்டும். பசை காய்ந்ததும் கிளாம்பைக் கழற்றினால் பட்டைகள் நிமிராது, வளைந்தபடியே நிற்கும். அப்புறம் ரூட்டரால் ஓரத்தைச் சீவிச் சமப்படுத்த வேண்டும்.

"ஒட்டு மரமா? புனிதரை ஒட்டு மரத்துலயா வைக்கிறது?" என்றான் சவரிமுத்து.

"ஒட்டு நல்லா இருந்தா ஒட்டுன எடம் விடாது மாமா, பக்கத்து மரம்தான் கிழியும்" என்றாள் ஸ்டெல்லா.

"அது நீ சொல்ற. நாலு தெருவும் சொல்லணும்ல."

நாலு தெருவும் பார்த்த பசை

நாலு தெரு என்று அவன் சொன்னதை விளக்க வேண்டும். விபரீதம் தொடங்கியதே அங்கேதான்.

எங்கள் ஊரில் பொதுவுக்கு எது வாங்கினாலும் தெருவுக்கு ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டும். திருவிழாப் பொதுவிருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை வந்தால் நாலு தெருவும் வந்த பிறகே தையல் பிரிப்பார்கள். கோயிலுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை ஊறப்போடுவதற்கு முன் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். ஒருமுறை மைக்செட் வந்து இறங்கியபோது மேலத்தெருப் பெரியவர் அதையும் தட்டிப் பார்த்தார். எதற்கென்று கேட்டேன். "பாத்தேன்னு இருக்கணும்ல" என்றார். முப்பது ஆண்டு ஆய்வாளர் உத்தியோகத்தின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாக என் மேலதிகாரிகள்கூடச் சொன்னதில்லை.

ஸ்டெல்லா பட்டைகளை ஒட்டிக் கிளாம்பை முறுக்கியபோது இடுக்கெல்லாம் வெள்ளைப் பசை பிதுங்கி வழிந்தது. அது நல்ல அறிகுறி. உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். அவள் ஈரத்துணியை எடுத்தாள். துடைக்க வேண்டிய நேரம் அதுதான்.

சவரிமுத்து அவள் கையைத் தடுத்தான்.

"தொடைக்காத. தெருக்காரங்க வந்து பாக்கட்டும். தொடச்சிட்டா பசை போட்டியா போடலையான்னு எவன் நம்புவான்?"

"காஞ்சா கல்லாயிடும் மாமா."

"ஆகட்டுமே. கல்லாதானே ஒட்டணும்?"

ஞாயிறு பூசை முடிந்து தெருக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் பசை சொட்டுச் சொட்டாக, பீடத்து மெழுகுவத்தியில் வழிந்து நின்ற மெழுகைப்போல, வரிவரியாக உறைந்திருந்தது. நால்வரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் சுரண்டினார். "தாராளமாத்தான் போட்ருக்கு" என்று கீழத்தெரு தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் திருப்தி. விருந்து வீட்டில் இலையில் நெய் ஓடினால் வரும் திருப்தி.

அந்த நெய்யின்மேல்தான் ரூட்டர் ஏறியது.

மூன்று பிட்டுகள், ஒரு பூதக்கண்ணாடி

ரூட்டர் கையால் பிடித்து நகர்த்தும் மிஷின். அடியில் விரல் நீள வெட்டுமுனை ஒன்று பயங்கர வேகத்தில் சுழலும். அதுதான் பிட். அதன் நுனியில் குட்டி பேரிங் ஒன்று இருக்கும். வளைவுக்கு அடியில் பொருத்திய பிளைவுட் அச்சின் ஓரத்தை அந்த பேரிங் தடவிக்கொண்டே போக, மேலே உள்ள கத்தி அதே வடிவத்துக்கு மரத்தைச் சீவும்.

மூன்று பிட்டும் இப்போது காகிதத்தின்மேல் கிடந்தன. மூன்றும் ஒரே கறுப்பு. பேரிங்குகள் சுழலாமல் இறுகிக் கிடந்தன. இரண்டு பிட் சாதாரண எஃகு. மூன்றாவதன் வெட்டும் ஓரத்தில் எஃகைவிடக் கடினமான கார்பைடு பதித்திருக்கும், விலை கூடியது. இந்த நீளத்தில் திருச்சிக் கடைகளில் அது இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வருவதற்குள் கொடியேற்றமே முடிந்துவிடும்.

வாசலில் செருப்புச் சத்தம். சவரிமுத்து.

"என்ன குவாலிட்டி, பொகைய விட்டு சோதனை பண்றீங்களா?"

"நீ பசைக்குக் காவல் வச்சேல்ல, அதோட பலனைப் பாரு."

"இந்தாம்மா ஸ்டெல்லா, ஒனக்கு எதிரா நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சாயங்காலம் வெள்ளோட்டம். அதுக்குள்ள வளைவு கோயில் வாசல்ல நிக்கணும். இல்லைன்னா திருச்சிக்கு போனப் போட்டு இரும்ப வரவழைச்சிருவேன். சாமிகிட்டயும் சொல்லியாச்சு."

சாமி என்றால் பங்குத்தந்தை. அவரிடம் சொல்லியாகிவிட்டது என்றால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். கார்பைடு பிட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். நகை பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வது. தொழிற்சாலை நாட்களில் வெட்டுக்கருவிகளின் முனையை இதில்தான் பார்ப்பேன். எங்கள் வழிமுறை தெளிவானது. முனையில் ஒளிக்கோடு தெரிந்தால் மழுங்கிவிட்டது. நிறம் மாறியிருந்தால் சூடேறிக் கெட்டுவிட்டது. சிவப்புச் சீட்டைக் கட்டி நிராகரிப்புக் கூண்டில் போட வேண்டும். நான் போட்ட சிவப்புச் சீட்டுகளை ஒன்றாகத் தைத்தால் சப்பரத்துக்கு விதானம் ஆகும்.

பார்த்தேன். கறுப்பு, பழுப்பு, மினுமினுப்பு. "மூணும் அவுட்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது.

"கொஞ்சம் இருங்க சார். எஃகு ரெண்டையும் மறுபடி பாருங்க, அப்புறம் இதைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா?"

மறுபடி பார்த்தேன். எஃகு பிட்டின் ஓரம் எலி கடித்த பிஸ்கட்போல் இருந்தது. பள்ளம் பள்ளமாக உலோகமே போயிருந்தது.

"அது முன்னாடியே ஆனது சார். அச்சு வெட்டுனப்ப பிளைவுட் ஷீட்டுல ஓட்டினேன். பிளைவுட்டுக்குள்ள இருக்கிற பசை வேற சாதி. காஞ்சா கண்ணாடி மாதிரி, சூட்டுக்கும் இளகாது. எஃகைக் கொறிச்சிரும். ஆனா நம்ம வெள்ளைப் பசை கொறிக்காது. சூட்டுல இளகும், ஆறினா இறுகும். இந்தக் கார்பைடுல உலோகம் போகல. மேல எதுவோ ஏறியிருக்கு."

"அப்ப ஏன் வெட்டல?" என்றான் சவரிமுத்து.

"கத்திக்கு மேல சட்டை போட்டுட்டு வெட்டச் சொன்னா வெட்டுமா மாமா?"

சட்டை கழன்றது

நான் மூன்றாவதை மீண்டும் கண்ணுக்கு வைத்தேன். இந்தமுறை தீர்ப்பு எழுதும் அவசரமில்லாமல்.

என்னவென்று சொல்வது! பிட்டின் சரிவு முழுக்க வெல்லப்பாகு உறைந்ததுபோல் ஒரு படலம். தேன் நிறத்தில், அடுக்கடுக்காக. அடுக்குகளுக்கு நடுவே மரத்தூள் சிக்கி, சேற்றில் புதைந்த நெல் உமிபோல் கிடந்தது. நடந்ததெல்லாம் அதில் வரிசையாகத் தெரிந்தது. காய்ந்த பசைச் சொட்டில் பிட் மோதியது. உராய்ந்த சூட்டில் பசை இளகியது. இளகியது கூரில் அப்பியது. அப்பிய கூர் வெட்ட முடியாமல் மரத்தைத் தேய்த்தது. தேய்த்ததால் இன்னும் சூடு, இன்னும் இளக்கம், இன்னும் ஓர் அடுக்கு. தன்னை வெட்ட வந்த கத்திக்குத் தன் உடம்பாலேயே உறை தைத்திருக்கிறது ஒரு சொட்டுப் பசை. உலோகத்தில் ஒரு கீறல்கூடப் போட முடியாத பொருள்.

ஸ்டெல்லா கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். பிட்டின் நுனியிலிருந்து பேரிங்கைக் கழற்றித் தனியே மண்ணெண்ணெயில் போட்டாள். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீரை ஊற்றி, துணி துவைக்கும் சலவைச் சோடா ஒரு சிட்டிகை கலந்து, பிட்டை இறக்கினாள். ரொம்ப நேரம் ஊறவிடக்கூடாது, கார்பைடைப் பதித்த இடம் கெட்டுவிடும் என்று சொல்லி அங்கேயே நின்றாள்.

மூன்று பேரும் டம்ளரைச் சுற்றி நின்றோம். வெந்நீரில் ஆரஞ்சு மிட்டாய் கரைவதைப் பார்க்கும் பிள்ளைகள் மாதிரி.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தேன் நிறம் மங்கியது. மங்கி, பால் நிறமானது. படலம் உப்பியது. காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவதுபோல் ஓர் ஓரத்தில் சுருங்கி எழும்பியது. ஸ்டெல்லா பிட்டை எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒருமுறை இழுத்தாள். ஒரு பக்கத்துப் படலம் முழுசாக, பாம்பு உரித்த சட்டைபோல், கத்தியின் வடிவத்தோடே கழன்று விழுந்தது.

துடைத்து என்னிடம் நீட்டினாள்.

சாம்பல் நிறக் கூர் ஒன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, எந்தப் பள்ளமும் இல்லாமல், எங்கும் ஒளி பட்டுத் தெறிக்காமல், கோடு கிழித்த மாதிரி நின்றது. வாங்கிவந்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி. இவ்வளவு அலறலுக்கும் புகைக்கும் நடுவே அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. உறைக்குள் அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

உலோகத்தோடே காலம் கழித்தவன் நான். ஆனாலும் மறுபடி ஒருமுறை பார்த்தேன். பிட்டையும் கண்ணாடியையும் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"ஏய், இது புதுசு" என்றான்.

"அவுட்னு சொன்னது யாரு?" என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்க்காமல்.

"குவாலிட்டிதான்" என்றான் அவன் உடனே. எங்கள் நட்பு அப்படி.

கண்ணாடிச் சில்லு

கையில் ஒரே ஒரு பிட். இரண்டு வளைவுகள். இரண்டின் ஓரத்திலும் கல்லாகிக் கிடக்கும் பசை. அப்படியே ஓட்டினால் பழைய கதைதான். பசையை முதலில் கையால் எடுத்தாக வேண்டும்.

"ஈரத்துணியப் போட்டு ஊறவச்சா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். வெளிய இருக்கிறது எளகும்போது உள்ள இருக்கிறதும் எளகும். ஒட்டு விட்டுரும். காய்ஞ்சபடியே சொரண்டணும்."

உடைந்த ஜன்னல் கண்ணாடியின் சில்லுகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மரத்தில் கண்ணாடிச் சில்லைச் சரித்து இழுத்தால் இழைப்புளிக்கு அடங்காததும் சுருண்டு வரும். நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். சவரிமுத்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். பசை மீன் செதில்போல் தெறித்தது. ஒரு செதில் அவன் மீசையில் ஒட்டிக்கொண்டது.

"மாமா, தாராளமாத்தான் போட்ருக்கேனா?" என்றாள் ஸ்டெல்லா.

"போடுறப்ப ஒரு அளவு வேணாமா, இப்படியா கொட்டுறது?" என்றான், தலை நிமிராமல். அவனை வெட்கப்படுத்துவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அன்று பொழுது சாயும்வரை சுரண்டினோம். மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மதியத்துக்குள் இரண்டு வளைவுகளின் ஓரமும் கைக்கு வழவழவென்று ஆனது. கருகிய தடம் ஆழம் இல்லை. சீவினால் போய்விடும் என்றாள்.

முதலில் கழிவுத்துண்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். என் வழிமுறைகளில் அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பிட் மரத்தைத் தொட்டது. அலறல் இல்லை. சீரான ரீங்காரம். தூளாக இல்லாமல், மெல்லிய சுருள்களாகத் தேக்கு பறந்தது. பட்டறை முழுக்கப் புது மரத்தின் எண்ணெய் வாசனை.

பிறகு வளைவு. அவள் மிஷினைப் பிடித்து நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போனால் ஒரே இடத்தில் தேய்ந்து சூடேறும். வேகமாகப் போனால் நார் பிய்யும். ஒரே நடை. கால்வாசி வளைவு முடிந்ததும் நிறுத்தி, பிளக்கை உருவி, பிட்டைப் பிரஷ்ஷால் தேய்த்து, பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்து, மறுபடி. பட்டைகளுக்கு நடுவே காய்ந்து நிற்கும் பசைக்கோடுகளும் பிட்டில் படத்தானே செய்யும்.

இரண்டாவது வளைவின் கடைசிப் பகுதியில் அந்த ரீங்காரம் ஒரு மயிரிழை மாறியது. எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அணைத்துவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். கூரின்மேல் தேன் நிறத்தில் மெல்லியதாக ஒரு படலம். மறுபடி உறை தைக்க ஆரம்பித்திருந்தது.

"கோயில்ல வந்து நிக்கிறாங்க" என்றான் சவரிமுத்து. வெளியே டிராக்டர் ஹாரன் அடித்தது. "இன்னும் கையகலம்தானே, அப்படியே இழுத்துரும்மா."

"இழுத்தா கருகும் மாமா. வெந்நீர் வைக்கிறேன்."

கோயில் வாசலில் ஊர் காத்திருக்க, நாங்கள் ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த முறை சவரிமுத்துவே பிரஷ்ஷை வாங்கித் தேய்த்தான். படலம் வெளுத்துக் கழன்றபோது அவன் வாயிலிருந்து ஒரு "ஆகா" வந்தது. திருவிழாவில் வாணம் பார்க்கும்போது வருவது.

மிச்சத்தைச் சீவி முடித்து, அவள் துணியால் ஓரத்தைத் துடைத்தாள். பட்டைகள் வரிவரியாகத் தெரிந்தன. ஒவ்வொரு வரிக்கும் நடுவே, வெயிலில் சரித்துப் பார்த்தால் மட்டும், முடியைவிட மெல்லிய கோடு. வெளியே சொட்டாக நின்று எங்களைப் படாதபாடு படுத்திய அதே பசைதான் அங்கே இருந்த இடம் தெரியாமல் பட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் கோட்டை விரலால் தேடினேன். விரலுக்கு அகப்படவில்லை.

வெள்ளோட்டம்

சுரூபத்தை ஏற்றுவதற்கு முன் அதே கனத்துக்கு மணல்மூட்டைகளை வைத்துத் தெருவில் ஒரு சுற்றுத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த ஊரில் நான் முழுமனதாக ஆதரிக்கும் வழிமுறை இது ஒன்று.

வளைவுகளைச் சப்பரத்தில் திருகி முடுக்கி, உச்சியில் கனமான சரவிளக்கைக் கட்டினார்கள். சாமி தீர்த்தம் தெளித்தார். இளைஞர்கள் தூக்குமரமான தண்டியத்துக்குத் தோள் கொடுத்தார்கள். முன்வரிசையில் சவரிமுத்து. இந்த வயதில் வேண்டாம் என்று அவன் மனைவி சொன்னதைத் தெருவே கேட்டது, அவனைத் தவிர.

ஸ்டெல்லா கூட்டத்தின் ஓரத்தில் என் பக்கத்தில் நின்றாள். சப்பரத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்திருந்தாள். ஒட்டு விடுவதானால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும்.

தூக்கினார்கள். சப்பரம் எழும்பியது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு பக்கத்துத் தோள்கள் தாழ, வளைவுகள் இரண்டும் சரிந்தன. சரவிளக்கு ஒரு பக்கமாக ஊசலாடியது.

க்ரீச் என்று ஒரு சத்தம்.

கூட்டம் பின்வாங்கியது. ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினாள். தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இறக்குவதா நடப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்னம்மா அது?" தண்டியத்துக்கு அடியிலிருந்து சவரிமுத்து கத்தினான். "எறக்கிரவா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சப்பரத்துக்குப் பக்கத்தில் போனாள். முன்வளைவின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். பின்வளைவிலும் வைத்தாள். தண்டியத்தைக் கட்டிய புதுக்கயிறு, இறுகும்போது மரத்தில் உரசி, மறுபடி அதே சத்தம் போட்டது. வளைவுகளிலிருந்து ஒரு முனகலும் இல்லை.

பட்டறையில் மிஷினுக்கு மேல் கத்திப் பழகிய குரல் அவளுடையது. ஊருக்குள் அதை அவள் ஒருநாளும் உயர்த்தியதில்லை.

"கயிறு மாமா!" என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "வளைவு தாங்கும். நீங்க நடங்க."

நடந்தார்கள்.